பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வீல் ஸ்பேசர்: அளப்பதிலிருந்து மாட்டுவது வரை

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கொஞ்சம் அகலமான டயர் போட்டவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். குறுகலான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன் டயரின் உள்பக்கம் ரேடியஸ் ஆர்மில் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளமான இரும்புக் கையில்) 'சர்ர்' என்று உரசும். இறங்கிக் குனிந்து பார்த்தால் ஆர்மில் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும். டயரில் ஒரு பட்டை மழுங்கியிருக்கும். பெரும்பாலானவர்கள் வீல் ஸ்பேசரைத் தேடத் தொடங்குவது அன்றைக்குத்தான்.

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (சக்கரத்தை மாட்டும், சுழலும் நடுப்பகுதி) ரிம்முக்கும் நடுவில் உட்காரும் கனமான உலோக வளையம். அதன் தடிமன் எவ்வளவோ, அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே நகரும். ஸ்பேசர் போட்டால் சக்கரம் கழன்று ஓடிவிடும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. கழன்றதும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை அப்படிக் கழன்ற இடத்திலெல்லாம் அளவு தவறிய ஸ்பேசர் இருந்தது, அல்லது துருவின் மேல் வைத்து முறுக்கிய ஸ்பேசர் இருந்தது, அல்லது மாட்டிய பிறகு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஸ்பேசர் இருந்தது. இந்த மூன்றையும் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

வேலைக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஹப்பில் இருக்கும் ஸ்டட்கள், அதாவது நட் ஏறும் மரைக் கம்பிகள், ஆணிபோலச் சக்கரத்தைத் தாங்கி நிற்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகக் கொஞ்சமாக நீள்கிறது. நீண்ட ஸ்டட் ஸ்பிரிங்போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவைதான் ரிம்மின் முகத்தை ஹப்பின் முகத்தோடு நெருக்கிப் பிடிக்கிறது. வண்டியின் எடை, பிரேக், குழி, மேடு எல்லாவற்றையும் தாங்குவது அந்த இரண்டு முகங்களுக்கு நடுவில் உள்ள உராய்வுதான்.

நடுவில் ஒரு துருச் செதிலோ தடித்த பெயின்டோ மாட்டிக்கொண்டால், ஓடும்போது அது நசுங்கும். நசுங்கியதும் ஸ்டட்டின் இழுவை குறையும். முகங்கள் மயிரிழை அளவு நகர ஆரம்பிக்கும். அதற்கப்புறம் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல ஒருநாள் ஒடியும். ஸ்பேசர் போட்டால் இப்படிப்பட்ட இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது. அதிலும் உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது. முகம் முகத்தோடு முழுசாக உட்கார வேண்டும், உட்கார்ந்தபடியே இருக்கவும் வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

முதலில், தேவையா?

உரசல்தான் பிரச்சினை என்றால் முதலில் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் போல்ட்டைப் பாருங்கள். அதைக் கொஞ்சம் வெளியே எடுத்தால் சக்கரம் முழுக்க ஒடியாது, உரசலும் நிற்கும். ஆனால் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். ஸ்பேசர் போட்டவர்களுக்குக் கிடைக்கும் பெரிய பலன், அந்த போல்ட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஒடிப்பைத் திரும்பப் பெறுவது.

புது ரிம் வாங்கும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால் ஸ்பேசரே வேண்டாம், குறைந்த ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.யில்) உள்ள ரிம்மாக வாங்குங்கள். சக்கரம் அதே அளவு வெளியே வரும், இணைப்பு ஒன்றாகவே இருக்கும். கம்பெனி ரிம்மையே வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கும், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே அகலத்தில் இல்லாத வண்டிக்காரர்களுக்கும்தான் ஸ்பேசர் பொருத்தம். டொயோட்டா லேண்ட் குரூஸர் 79 பிக்கப் இதற்கு நல்ல உதாரணம். 2007-இல் வி8 இன்ஜினுக்கு இடம் கொடுக்க முன்பக்கத்தை அகலப்படுத்தினார்கள், பின் ஆக்சிலை அப்படியே விட்டுவிட்டார்கள். மணலில் முன் சக்கரம் போட்ட தடத்தில் பின் சக்கரம் ஓடாமல் உள்ளே தனித் தடம் போடும்.

ஸ்பேசரால் வரும் நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டயரின் நடுக்கோடு பேரிங்கை விட்டு விலகுவதால் பேரிங்கில் நெம்புகோல் சுமை ஏறும். ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், குழியில் விழும்போது கையில் உதைக்கும். டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டினால் சேறு கதவெல்லாம் தெறிக்கும். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் ஸ்பேசருக்கே அனுமதி இல்லை, சில இடங்களில் பரிசோதனை செய்து பதிவு செய்தால்தான் செல்லும். உங்கள் ஊர் விதியையும் இன்சூரன்ஸ் நிபந்தனையையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வகை, எவ்வளவு தடிமன்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓட்டை மட்டும் போட்ட வெறும் தட்டு. வண்டியின் ஸ்டட்டிலேயே செருகி, மேலே ரிம்மை வைத்து, பழைய நட்டையே முறுக்குவது. 5 மி.மீ. தட்டு வைத்தால் நட்டுக்குக் கிடைக்கும் மரையில் 5 மி.மீ. போய்விடும். பழைய வண்டிகளின் ஸ்டட்டில் அவ்வளவு உபரி நீளம் பெரும்பாலும் இருக்காது. அதனால் இந்த வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இன்னொன்று போல்ட் ஆன் வகை. ஸ்பேசரை வண்டியின் ஸ்டட்டில் தனி நட்டுகளால் முறுக்க வேண்டும். ஸ்பேசரிலேயே பதித்திருக்கும் புது ஸ்டட்களில் ரிம்மை மாட்ட வேண்டும். உள் நட்டும் புது ஸ்டட்டின் தலையும் அதன் தடிமனுக்குள் அடங்க வேண்டும் என்பதால் சுமார் 25 மி.மீ.க்குக் குறைவாக நல்ல போல்ட் ஆன் ஸ்பேசர் கிடைப்பது அரிது. பழைய லேண்ட் ரோவர்களுக்கு 30 மி.மீ. ஸ்பேசர்தான் அதிகம் பார்க்கலாம்.

தடிமனுக்குக் கணக்கு எளிது. ரிம்மின் ஆஃப்செட்டிலிருந்து ஸ்பேசரின் தடிமனைக் கழியுங்கள். ஆஃப்செட் 33 உள்ள ரிம்மில் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால், 3 ஆஃப்செட் ரிம் போட்டதற்குச் சமம். பக்கத்துக்கு 30 என்றால் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 60 மி.மீ. கூடும். உரசலைத் தீர்க்க எத்தனை மி.மீ. வேண்டும் என்று அளந்து, அதற்குப் போதுமான குறைந்த தடிமனை எடுங்கள். 50 மி.மீ. போட்டால் பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் பேரிங் அதற்கு விலை கொடுக்கும். ஒரு ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் போடவே கூடாது.

அளப்பது

இங்கே நிதானமாக இருங்கள். வெர்னியர் காலிப்பர் ஒன்றும், தெளிந்த மனமும் போதும்.

முதல் அளவு பிசிடி, அதாவது ஸ்டட்களின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். 6 ஸ்டட் என்றால் நேரெதிர் ஸ்டட்கள் இரண்டின் நடுவிலிருந்து நடு. நடுப்புள்ளியைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்க வேண்டாம். ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஸ்டட்டின் உள் விளிம்பு வரை அளந்தால் அதுவே நடுவிலிருந்து நடு. 5 ஸ்டட்டில் நேரெதிர் ஸ்டட் கிடையாது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டை இதே முறையில் அளந்து 1.701 ஆல் பெருக்குங்கள். 82.1 மி.மீ. வந்தால் பிசிடி 139.7. 97 வந்தால் 165.1.

சில பழைய வண்டிகளின் அளவுகள் நினைவுக்கு உதவும். 5×165.1 என்றால் 5 ஸ்டட், பிசிடி 165.1 மி.மீ.; எம்16×1.5 என்றால் ஸ்டட்டின் விட்டம் 16 மி.மீ., மரைக்கு மரை 1.5 மி.மீ. டிஃபெண்டர், முதல் டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் கிளாசிக் மூன்றும் 5×165.1, ஸ்டட் எம்16×1.5. லேண்ட் குரூஸர் 80-இல் 6×139.7, எம்12×1.5. நிசான் பேட்ரோல் ஒய்60-இலும் 6×139.7தான், ஆனால் மரை எம்12×1.25. சுசுகி ஜிம்னியும் அதன் முன்னோர்களும் 5×139.7, எம்12×1.25. ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே 5×114.3, ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. இவற்றை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் ஆக்சில் மாற்றியிருக்கலாம், ஹப் மாற்றியிருக்கலாம், யாரோ எப்போதோ வேறு ஸ்டட் அடித்திருக்கலாம். உங்கள் வண்டியை நீங்களே அளந்ததுதான் கணக்கு.

மரையில் ஏமாறுவது சுலபம். 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்தால் இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டு அப்புறம் இறுகும். 'துரு போல' என்று நினைத்து ஸ்பேனரால் முறுக்கினால் இரண்டு மரையும் காலி. நட் எப்போதுமே விரலால் கடைசிவரை ஏற வேண்டும். வில்லிஸ் காலத்து ஜீப்புகளில் இடப்பக்க ஸ்டட்கள் இடதுகை மரையாக இருப்பதும் உண்டு. ஸ்டட்டின் முனையில் எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து நடு ஓட்டை. ஹப்பின் நடுவில் நீட்டியிருக்கும் பகுதி, டிரைவ் ஃபிளேஞ்ச் (ஆக்சில் தண்டை ஹப்போடு இணைக்கும் மூடி), ஃப்ரீ வீலிங் ஹப் (அந்த இணைப்பைத் தேவைப்படும்போது விடுவிக்கும் பூட்டு) எல்லாம் ஸ்பேசருக்குள் தட்டாமல் நுழைய வேண்டும். ஹப்பில் கடைந்த மேடு இருந்தால், அதில் கச்சிதமாக உட்காரும் ஸ்பேசரை வாங்குங்கள். அந்த மேடு ஹப் முகத்தோடு சேரும் மூலையில் சின்ன வளைவு இருக்கும். ஸ்பேசரின் உள் விளிம்பு அந்த வளைவுக்கு ஏற்றபடி சரிவாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். சீவாத கூர் விளிம்பு வளைவில் ஏறி நிற்கும், முகங்களுக்கு நடுவில் இடைவெளி விழும்.

கடைசியாக, பலரும் மறக்கும் அளவு: வண்டியின் ஸ்டட் நீளம். ஸ்பேசரை மாட்டிய பிறகு பழைய ஸ்டட்டின் முனை அதன் வெளி முகத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. நீட்டினால் ரிம் அந்த முனைகளின்மேல்தான் உட்காரும். சில அலாய் ரிம்களின் பின்புறத்தில் ஸ்டட்டுக்கு ஸ்டட் நடுவே குழி இருக்கும், முனை அதற்குள் போய்விடும். தட்டையான இரும்பு ரிம்மில் அந்தச் சலுகை இல்லை. ஸ்டட்டை அறுத்துவிடலாமே என்று கேட்பார்கள். அறுத்த பிறகு ஸ்பேசர் இல்லாமல் ரிம் மாட்ட முடியாமல் போகலாம். அதைவிடத் தடிமன் கூடிய ஸ்பேசரைத் தேடுவது மேல்.

வாங்கும்போது 6061 டி6 போன்ற அலுமினியக் கலவையில் கடைந்து எடுத்ததா, ஸ்டட் 10.9 தரமா (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) என்று பாருங்கள். வார்ப்பு அலுமினியம் வேண்டாம். எந்தப் பொருள், எவ்வளவு முறுக்கு என்ற விவரமே இல்லாமல் வரும் ஸ்பேசரை, விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாட்டும் முன் வண்டியைப் பாருங்கள்

ஸ்பேசர் கூட்டப்போகும் சுமையைத் தாங்க பேரிங் தயாராக இருக்கிறதா? சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங்கில் குறை. பிரேக் மிதித்தும் ஆடினால் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) பக்கம் பாருங்கள். எதுவானாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஸ்பேசர்.

தூக்குவதில் ஒரு எச்சரிக்கை. பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் உள்ள ட்ரம்மில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய நொடியில், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், முன் பின் ஆக்சில்களைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக் இருந்தால் போடுங்கள், சமதளத்தில் மட்டும் தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். இது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

மாட்டுவது

வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் இளக்கிவிட்டு, தூக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். ட்ரம்மைப் பிடிக்க ஸ்டட்டில் மெல்லிய கிளிப் வாஷர்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். ட்ரம் ஸ்க்ரூவின் தலை முகத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். உயர்ந்திருந்தால் முழுக்க உள்ளே இறங்கும்வரை முறுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

இப்போது ஹப் முகம். வயர் பிரஷ்ஷால் துருவை எடுத்துவிட்டு, எமரித் தாளால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். நடு மேட்டின் மூலையில் துரு வளையம்போலப் படிந்திருக்கும், பிரஷ் அங்கே எட்டாது. பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையால் சுற்றிலும் சுரண்டுங்கள். ஹப் முகத்தில் பெயின்ட் இருந்தால் அதுவும் போக வேண்டும். நான் முதன்முறை ஸ்பேசர் போட்டபோது, முந்தைய உரிமையாளர் ட்ரம்முக்கு அழகாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார். வழவழப்பாகத்தானே இருக்கிறது என்று அதன் மேலேயே வைத்து முறுக்கினேன். 90 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தபோது, ஐந்து உள் நட்டுகளில் நான்கு நட்டுகள் கால் சுற்றுக்கு மேல் இறுகின. ஸ்பேசரைக் கழற்றினால் பெயின்ட் நசுங்கி, அதன் பின்புறத்தில் கறுப்பு வளையமாக ஒட்டியிருந்தது.

சுத்தம் செய்த முகத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு நட் போடாமல் ஸ்பேசரைச் செருகுங்கள். கையால் தள்ளினால் முழுக்க உட்கார வேண்டும், எந்தப் பக்கம் தட்டினாலும் ஆடக் கூடாது. மெல்லிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இருந்தால் விளிம்பைச் சுற்றி நுழைக்கப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நடு மேட்டில் மட்டும் ஆன்டி சீஸ் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். மரையில் தடவ வேண்டாம். வழுக்கும் மரையில் அதே முறுக்கு ஸ்டட்டை மிக அதிகமாக இழுத்துவிடும். த்ரெட் லாக்கர் (நட் தளராமல் மரையில் விடும் பசை) பற்றி ஸ்பேசர் தயாரித்தவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். போடச் சொன்னால் நீல நிற நடுத்தர வகை. சிவப்பு போட்டால் கழற்ற நெருப்பு காட்ட வேண்டியிருக்கும்.

உள் நட்டுகளை விரலால் ஏற்றுங்கள், சுற்றுகளை எண்ணிக்கொண்டே. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும். எம்12×1.5 என்றால் 8 முழுச் சுற்று. எம்12×1.25 என்றால் 10-ஐ நெருங்கும். ஸ்பேசரின் நட் குழி ஒடுங்கலாக இருக்கும், தடித்த இம்பாக்ட் சாக்கெட் உள்ளே போகாது. மெல்லிய சுவர் உள்ள சாக்கெட்டை முன்பே எடுத்து வையுங்கள்.

எதிரெதிர் நட்டாக மாறி மாறி முறுக்குங்கள். 5 நட் என்றால் ஒன்று விட்டு ஒன்று, 1, 3, 5, 2, 4 என்று போனால் நட்சத்திரம் வரும். பாதி முறுக்கில் ஒரு சுற்று, முழு முறுக்கில் ஒரு சுற்று, சரிபார்க்க இன்னொரு சுற்று. முறுக்கின் அளவு ஸ்பேசரோடு வந்த தாளிலும் வண்டியின் மேனுவலிலும் இருக்கும். எம்12 ஸ்டட்டுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், காற்றுத் துப்பாக்கியையும் கிட்டே விடாதீர்கள். ஹப் சுற்றாமலிருக்க ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம் ரிம். அதன் பின் முகத்தையும் அதே அக்கறையோடு சுத்தம் செய்யுங்கள். ஸ்பேசரோடு வந்த வெளி நட்டின் உட்காரும் வடிவம் உங்கள் ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கூம்பு நட்டுக்கான ரிம்மில் தட்டை வாஷர் நட்டும், தட்டை நட்டுக்கான ரிம்மில் கூம்பு நட்டும் போடக் கூடாது. முழு முறுக்கை வண்டி தரையில் இறங்கிய பிறகு கொடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பிறகு ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் ஃபெண்டரின் விளிம்பு, மட் ஃப்ளாப், பிரேக் ஹோஸ் மூன்றையும் கவனியுங்கள். உள்ளே உரசியது போய் வெளியே ஃபெண்டரில் உரசுவது அடிக்கடி நடக்கும். ஸ்டாப் போல்ட்டை உள்ளே விடுவதை ஒரேயடியாகச் செய்யாமல், அரைச் சுற்று விட்டுப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று என்று போங்கள்.

80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சக்கரத்தையும் கழற்றி உள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். வெளி நட்டைச் சரிபார்த்துவிட்டு உள்ளேயும் சரியாகத்தான் இருக்கும் என்று விடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. ஒரு நட் நகர்ந்தாலும் இன்னொரு 100 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி திறங்கள். இரண்டாவது முறையும் நகர்ந்தால் முறுக்கிக்கொண்டே போகாமல் ஸ்பேசரைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். அதன் பிறகு டயரை இடம் மாற்றும்போதும், பிரேக் வேலையின்போதும், கடினமான பயணம் முடிந்த பிறகும் பார்த்தால் போதும். ஓட்டத்தில் புதிதாக ஒரு 'டிக் டிக்' சத்தமோ ஸ்டீயரிங்கில் நடுக்கமோ வந்தால், வீடு போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரமாக நிறுத்துங்கள்.

கழற்றிய பழைய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். வழியில் ஒரு ஸ்பேசரைக் கழற்ற நேர்ந்தால், அந்த ஆக்சிலின் இரண்டு பக்கத்தையும் கழற்றிவிட்டு, பழைய நட்டுகளோடு மெதுவாக ஓட்டி வரலாம். வெளி நட் பழைய நட்டைவிட வேறு அளவாக இருந்தால் அதற்கான ஸ்பேனரும் அந்த டப்பாவில் இருக்கட்டும். டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றுபவருக்கு உள்ளே ஸ்பேசர் இருப்பது தெரியாது. உள் நட்டின் முறுக்கு, வெளி நட்டின் முறுக்கு, கடைசியாகச் சரிபார்த்த தேதி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, டாஷ்போர்டு அறையில் கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள்.